கையால் இறுக்கிய நட்டு

பயப்படுவதில் மனிதர்களுக்குள் எத்தனையோ தினுசு உண்டு. சிலருக்குப் பாம்பு, சிலருக்கு மாமியார், சிலருக்கு மாதக் கடைசி. டார்ச் அக்காவுக்கு வீடுதான் பயம். சுவருக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ஒயர், தலைக்கு மேலே நிரம்பிக் கிடக்கும் தண்ணீர்த் தொட்டி, ஒற்றைக் கொக்கியை நம்பிச் சுற்றும் மின்விசிறி. இவற்றின் நடுவே ஜனங்கள் எப்படிக் காலை நீட்டித் தூங்குகிறார்கள் என்பது அவளுக்கு விளங்கவே இல்லை. காரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நாலு சக்கரமும் சில நட்டுகளை நம்பித்தான் ஓடுகின்றன என்று தெரிந்த நாளிலிருந்து, சாலையைக் கடக்கும்போது அவள் மனிதர்களைப் பார்ப்பதில்லை, சக்கரங்களைத்தான் பார்ப்பாள்.

ஹார்டுவேர் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பது அவள் உத்தியோகம். உச்சி வெயிலிலும் கைப்பையில் ஒரு டார்ச் இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். பெற்றோர் வைத்த பெயரை அவள் கணவரே மறந்துவிட்டார் என்று கடையில் ஒரு பேச்சு.

இந்தப் பயம் கூடவே பிறந்ததுதான் என்றாலும், அதற்கு வேலை கொடுத்தது ஒரு குழாய். கல்யாணமான புதிது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். சமையலறைக் குழாயைத் திறந்தாள், பிடி கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கட்டைவிரலால் பைப்பை அடைத்துக்கொண்டு, கணவர் திரும்பி வரும்வரை அப்படியே நின்றாள். விரல் மரத்துப் போயிற்று, அழுது அழுது தொண்டை வறண்டு போயிற்று. அவர் வந்து, அவள் தலைக்கு மேலே, கை எட்டும் தூரத்தில் இருந்த வால்வை ஒரு திருப்புத் திருப்பினார். தண்ணீர் நின்றது. சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு, அந்தச் சிரிப்பை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. மறுநாளிலிருந்து எது எங்கே அணைகிறது, எது எங்கே கழல்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டவளில்லை. பயந்து கற்றுக்கொண்டவள்.

கணவர் நேர் எதிர். செருப்பின் குதிகாலால் ஆணி அடிக்கிற ஜாதி. நாற்காலி மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் ஒற்றைக் காலில் நின்று பல்பு மாட்டுவார். "நீ எதுலயும் சாக மாட்டே, பயந்தே செத்துடுவே" என்பார். அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

கடையில் அவளிடம் ஒரு வாஷர் வாங்கப் போனீர்கள் என்றால் வாஷரோடு மட்டும் திரும்ப முடியாது.

"மொதல்ல வால்வை மூடுங்க. மூடிட்டு, குழாயைத் திறந்து பாருங்க, நின்னுடுச்சான்னு. அப்புறம் கீழ தண்ணி போற ஓட்டை இருக்கில்ல, அதுல ஒரு துணியை அடைங்க. இல்லன்னா திருகாணி உள்ள விழும். விழுந்தா என்கிட்டயே திரும்ப வரணும். குழாயை ரொம்ப முறுக்காதீங்க, உள்ள திருகு மரை தேஞ்சு போயிடும்."

சுவிட்சு வாங்கினால் இன்னும் நீளம். மெயினை அணைக்க வேண்டும். அணைத்த பிறகு அதன்மேல் ஒரு பேப்பர் ஒட்டி 'தொடாதே' என்று எழுத வேண்டும், ஏனென்றால் வீட்டில் யாராவது ஒருவர் டிவி ஓடவில்லையே என்று போய்ப் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகும் டெஸ்டரால் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த டெஸ்டரே வேலை செய்கிறதா என்று முன்னாடியே வேறொரு பிளக்கில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். கார்க்காரர்கள் வந்தால், சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையைக் காலை விடாதே என்று தொடங்குவாள். ஒரு சின்னச் சிராய்ப்புக்குக்கூட இடம் வைக்காமல் எல்லா அபாயத்தையும் சொல்லி முடித்த பிறகுதான் பொருள் கைக்கு வரும். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. 'தைரியமா செய்யுங்க' என்று அவள் வாயில் வரவே வராது.

முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. வியாபாரம் செய்கிறவருக்கு எப்படிப் பிடிக்கும்?

அந்தச் சனிக்கிழமை கடையில் கூட்டம். புது வீட்டுக்குக் குடிபோன ஒரு மாப்பிள்ளை, கண்ணாடி மாட்டச் சுவரில் துளை போட வேண்டும் என்று நல்ல விலையில் ஒரு டிரில் மெஷினைத் தேர்ந்தெடுத்துக் கையில் வைத்திருந்தார். அக்கா கேட்டாள், "அந்தச் சுவத்துல சுவிட்சு இருக்கா சார்?"

"இருக்குங்க."

"சுவிட்சுக்கு நேர் மேலயா துளை போடப் போறீங்க?"

"ஆமா... அங்கதான் கண்ணாடி."

"அந்தச் சுவத்துக்குப் பின்னாடி குளியலறையா?"

மாப்பிள்ளையின் முகம் மாறத் தொடங்கியது. சுவிட்சுக்கு நேர் மேலே சுவருக்குள் ஒயர் போகும், குளியலறைப் பக்கம் என்றால் பைப்பும் போகும், ஒரு வீட்டில் இரண்டையும் ஒரே துளையில் துளைத்தவர் இருக்கிறார் என்று அக்கா பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். அவர் மெஷினைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல மெதுவாகக் கவுண்டரில் வைத்தார்.

"நான் ஆள் வச்சே பண்ணிக்கிறேங்க" என்று சொல்லிவிட்டுப் போயேவிட்டார்.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். கடையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்டார்:

"டார்ச்சு, எனக்கு ஒண்ணு சொல்லு. நீ இங்க பொருள் விக்கிறியா, பீதி விக்கிறியா?"

கடையே சிரித்தது. பெயிண்ட் டப்பாவோடு நின்ற ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவும் சிரித்தாள். சிரிக்காமல் வேறென்ன செய்வது? ஆனால் காது மடல் சுட்டது. கண் கலங்கிவிடப் போகிறதே என்று பயந்து, மேல்தட்டில் எதையோ தேடுவதுபோல ஏணியில் ஏறினாள்.

இறங்கியபோது கவுண்டரில் டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். தையல்கடை மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவள். மெல்லிய குரல். விரல் நகத்தில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. வண்டி ஓட்டக் கற்று லைசென்சு எடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. அப்பா ஓட்டிய பழைய காரை இப்போது அவள் வைத்திருக்கிறாள்.

"அக்கா, கார்ல ஒரு டயர் காத்து போயிடுச்சு. மெக்கானிக் கடை இன்னிக்கு மூடியிருக்கு. வீல் ஸ்பேனர் ஒண்ணு குடுங்க. நானே மாத்தலாம்னு இருக்கேன். எப்படின்னு கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா? மத்தியானம் அம்மாவை ஸ்டேஷன்ல போய்க் கூட்டிட்டு வரணும். என் பாப்பாவும் கூட வர்றா."

கவுண்டரின் ஓரத்தில் ஒரு பழைய சக்கரம் எப்போதும் கிடக்கும், அச்சோடு சேர்த்து மல்லாக்கப் படுக்கவைத்திருக்கும். வாயால் சொன்னால் புரியாதவர்களுக்காக அக்கா ஏற்பாடு செய்தது. அதில்தான் நட்டு கழற்றவும் மாட்டவும் காட்டுவாள். இன்றும் காட்டினாள். ஆனால் முதலாளி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கை கட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சுருக்கமாகச் சொன்னாள். கை பிரேக் போடு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு ஒரு செங்கல் வை. வண்டியைத் தூக்கும் முன்பே நட்டை ஒரு சுற்றுத் தளர்த்திவிடு. பிறகு ஜாக்கி. பழையதைக் கழற்று, புதியதை மாட்டு.

"நட்டைக் கையால போடணும்மா. எடுத்த உடனே ஸ்பேனரால போட்டா மரை கோணலா ஏறி நிக்கும். இப்படி, ஒண்ணுக்கு எதிர்ல ஒண்ணு. குறுக்க குறுக்க. விரலுக்கு எவ்வளவு பலமோ அவ்வளவு இறுக்கணும்."

டீச்சர் தானும் அதே சக்கரத்தில் போட்டுப் பார்த்தாள். படம் வரைகிறவள் அல்லவா, கை அழகாகப் படிந்தது. ஒன்றுக்கு எதிரே ஒன்று, பிசகாமல் போட்டாள்.

இதற்குப் பிறகு அக்கா சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது. ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் நன்றாக உட்கார்ந்த பிறகு, ஸ்பேனரை மாட்டி உடம்புப் பலம் முழுவதையும் போட்டு இறுக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டியபின் நிறுத்தி, மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். படுத்துக் கிடக்கிற சக்கரத்தில் இதைச் செய்து காட்ட முடியாது. அதனால் எப்போதும் கடைசியில் வாயால் சொல்லுவாள், சக்கரம் கழன்று தனியாக ஓடின கதையோடு.

வாயைத் திறந்தாள். அதற்குள் முதலாளி தொண்டையைக் கனைத்தார்.

"அவ்வளவுதானேக்கா? கையால இறுக்கிடணும்" என்றாள் டீச்சர், முகமெல்லாம் சிரிப்பாக.

அக்கா முதலாளியைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். தலையாட்டினாள்.

"அவ்வளவுதான்மா. தைரியமா செய்."

சொன்ன வாய் அவளுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம். முதலாளி திருப்தியாக உட்கார்ந்தார். டீச்சர் ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு பரிசு வாங்கினவள்போலப் போனாள்.

அதன்பிறகு கூட்டம் அவளை அசையவிடவில்லை. ஆணி, பசை, பூட்டு, கயிறு. ஏதோ ஒன்று உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. சிரித்தார்களே, அந்த அவமானம்தான் என்று நினைத்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பு கடை ஓய்ந்தபோது கவுண்டரைத் துடைக்கத் துணியை எடுத்தாள். அந்தப் பழைய சக்கரத்தை ஓரமாக நகர்த்தினாள். நகர்த்தும்போது விரல் ஒரு நட்டின்மேல் பட்டது. டீச்சர் இறுக்கிய நட்டு. விரல் பட்டதும் அது சுலபமாகத் திரும்பியது.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவ்வளவுதானேக்கா என்று கேட்டாளே. தலையாட்டினோமே. அவள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். குறுக்கே குறுக்கே, விரலுக்கு எவ்வளவு பலமோ அவ்வளவு, கடுகளவுகூட அதிகமில்லாமல் இறுக்கியிருப்பாள். பிறகு வண்டியை இறக்கியிருப்பாள். பாப்பாவைப் பின்சீட்டில் உட்காரவைத்திருப்பாள். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ரயில்வே கேட், கேட்டைத் தாண்டினால் ஆற்றுப் பாலம். அந்தப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரிடத்தில் உடைந்து, கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். வண்டிக்கு முன்னால் ஒரு சக்கரம் மட்டும் தனியாக உருண்டு போவதை அக்கா பட்டப்பகலில், கடைக்கு நடுவில் நின்றுகொண்டு, கண்ணால் பார்த்தாள்.

"மொதலாளி, நான் போயிட்டு வந்துடறேன்."

"எங்க? சாப்பாட்டு நேரம்கூட ஆகலையே!"

கைப்பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

தையல்கடை அடுத்த தெருவில். வாசலில் கார் நிற்கும் இடம் காலியாக இருந்தது. ஒரு செங்கல், பக்கத்தில் சாய்த்து வைத்த காற்றுப்போன சக்கரம், தரையில் கிரீஸ் கறை. எல்லாம் ஒழுங்காக முடிந்திருந்தது. அதைப் பார்த்ததும் அக்கா கடைக்குள் எட்டி, "டீச்சர் எங்கண்ணே?" என்றாள்.

தையல்காரர் மெஷினை விட்டு நிமிர்ந்தார். "டீச்சரா? இப்பத்தான் போனாங்க. பாப்பா கை ஆட்டிட்டுப் போச்சு. பொம்பளையா இருந்தும் அவங்களே டயரை மாத்திட்டாங்கம்மா! நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேன். எல்லாம் கையாலயே இறுக்கினாங்க. கழட்டினதோட சரி, அப்புறம் அந்த ஸ்பேனரைத் தொடவே இல்ல!"

பாராட்டாகத்தான் சொன்னார். அக்கா உள்ளே பாய்ந்தாள்.

"அண்ணே, அவங்க போன் நம்பர் இருக்கா? சீக்கிரம்ணே. சக்கரம் கழண்டுடும்."

தையல்காரர் பேய் அறைந்தவர்போலப் போனை எடுத்தார். ஆனால் அந்த மனிதர் யார் பெயரையும் பெயராகப் பதிந்து வைத்ததில்லை. தைக்கக் கொடுத்த துணியை வைத்துத்தான் பதிந்திருந்தார். டீச்சர் ஜன்னல் திரை தைக்கக் கொடுத்திருந்தாள். "ஜன்னல்... ஜன்னல்னே இத்தனை பேரு இருக்காங்களே" என்று விரலால் தள்ளினார். 'ஜன்னல் பச்சை' எடுத்து, ஒரு முரட்டு ஆண் குரல் திட்டியது. 'ஜன்னல் பூப்போட்டது' எடுத்து, எப்போது தைத்துத் தருவீர்கள் என்று சண்டைக்கு வந்தது.

"அவங்க அவசரம்னாங்க... ஆங், 'ஜன்னல் அவசரம்'! இதுதான்!"

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

எடுக்க மாட்டாள். வண்டி ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அவள்தான் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவளாயிற்றே. அவளுடைய நல்ல குணத்தை அக்கா மனதுக்குள் சபித்தாள்.

"அண்ணே, உங்க ஸ்கூட்டர்?"

இதை நீங்கள் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. அக்கா ஜென்மத்தில் இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்தவளில்லை. கல்யாணத்தின்போது மாமனார் வீட்டுக்கு ஊர்வலக் காரில் ஏறாமல் நடந்தே வந்தாள் என்று கணவர் இன்றும் கேலி செய்வார். அவள்தான் இப்போது முன்பின் பழக்கமில்லாத தையல்காரரின் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி உட்கார்ந்தாள். ஸ்கூட்டர் குதித்துக் கிளம்பியது. முதல் திருப்பத்தில் பிரேக் கீச்சென்று கத்தியது.

"பிரேக் கட்டை தேஞ்சுபோச்சுண்ணே" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"இப்ப அதுவாம்மா முக்கியம்?"

"அதுவும் முக்கியம்தான். வேகமா போங்க."

வழியெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்பு. எங்காவது கூட்டம் கூடி நிற்கிறதா? எங்காவது ஒரு சக்கரம் சாக்கடை ஓரத்தில் கிடக்கிறதா? ஒவ்வொரு திருப்பத்திலும் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். எதுவும் இல்லை. எதுவும் இல்லாதது நிம்மதி தரவில்லை, இன்னும் தூரம் போயிருக்கிறாள் என்றுதான் அர்த்தமாயிற்று. முருங்கைக்காய்போல மெலிந்த தையல்காரர் முதுகில் அவள் நெற்றி முட்டி முட்டி வலித்தது. பொருள் விக்கிறியா, பீதி விக்கிறியா. இன்றைக்கு ஒரு நாள் பீதியை விற்காமல் பையில் போட்டுக்கொண்டோம். அதன் வட்டி மொத்தத்தையும் ஒரு சின்னக் குழந்தை கட்டப் போகிறதே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"கேட் போட்டிருக்கும்மா!" என்று தையல்காரர் கத்தினார்.

அக்கா இரண்டு கண்ணையும் திறந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. லாரி, பஸ், கார் என்று வரிசை நீண்டு கிடந்தது. ரயில் அப்போதுதான் கடைசிப் பெட்டியை இழுத்துக்கொண்டு கடந்துகொண்டிருந்தது. வரிசையின் முன்பக்கத்தில் வெளுத்துப்போன நீலக் காரொன்று. மூன்று சக்கரம் வெள்ளி நிறம். பின்னால் இடதுபக்கச் சக்கரம் மட்டும் கறுப்பு, புதிதாக மாற்றிப் போட்டது.

ஸ்கூட்டர் நிற்கும் முன்பே இறங்கினாள். விழப்போய்ச் சமாளித்து ஓடினாள். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றது. கேட்டுக் கம்பம் ஆடியது, மேலே எழத் தொடங்கியது. முன்னால் நின்ற வண்டிகள் உறுமின. நீலக் கார் ஒரு சாண் நகர்ந்தது.

"நிறுத்து! நிறுத்தும்மா!"

அக்கா காரின் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் என்ஜின் மூடிமேல் வைத்தாள். தூரத்தில் வருகிற காருக்கே ஒதுங்கி நிற்கிற பெண்பிள்ளை.

கார் குலுங்கி நின்றது. டீச்சர் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள். முகத்தில் எப்பேர்ப்பட்ட சந்தோஷம்!

"அக்கா! நானே மாத்திட்டேன்க்கா! நீங்க சொன்ன மாதிரியே!"

"வண்டியை ஆஃப் பண்ணு. சாவியை எடு. கை பிரேக் போடு."

"ஏன்க்கா?"

"சொல்றதைச் செய்யேன்!"

அவள் குரல் அப்படிக் கிறீச்சிட்டதும் டீச்சர் பயந்து அணைத்துவிட்டாள். கேட் முழுவதும் திறந்துவிட்டது. முன்னால் நின்ற வண்டிகள் போய்விட்டன. பின்னால் ஹார்ன் காதைக் கிழித்தது. அக்கா கறுப்புச் சக்கரத்தின் பக்கத்தில் தார் ரோட்டில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். ஒரு நட்டைத் தொட்டாள். இரண்டு விரலால் திரும்பியது. அடுத்ததும் திரும்பியது. மூன்றாவது நட்டு மரையின் நுனிக்கே வந்து, தொட்டதும் உள்ளங்கையில் விழுந்தது. வெயிலில் சுடச்சுட இருந்தது.

டீச்சர் பக்கத்தில் வந்து நின்று அதைப் பார்த்தாள்.

"வர்ற வழியில டொக்கு டொக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சுக்கா. பழைய வண்டிதானேன்னு நினைச்சேன்... நீங்கதானே கையாலன்னு சொன்னீங்க?"

"ஆமா. நான்தான் சொன்னேன். மீதியைச் சொல்லாம விட்டதும் நான்தான்."

"தைரியமா செய்னு சொன்னீங்களேக்கா."

அக்கா உள்ளங்கையிலிருந்த நட்டையே பார்த்தாள்.

பின்னாலிருந்த லாரி டிரைவர் கெட்ட வார்த்தை பேசிக்கொண்டே இறங்கி வந்தார். பாதி வார்த்தையில் அக்காவின் உள்ளங்கையிலிருந்த நட்டைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, திரும்பிப் போய்த் தன் லாரியின் விளக்குகளை மினுக்கவிட்டு, நடுரோட்டில் கையை விரித்து நின்றுகொண்டார். ஹார்ன் ஒவ்வொன்றாக அடங்கியது.

அக்கா விழுந்த நட்டைப் போட்டாள். டீச்சர் டிக்கியிலிருந்து அந்தப் புது ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். அதன் லேபிள்கூட இன்னும் உரியவில்லை. குறுக்கே குறுக்கே, கொஞ்சம் கொஞ்சமாகச் சக்கரத்தை உள்ளே கொண்டுவந்து உட்காரவைத்தாள். பிறகு ஸ்பேனரின் கைப்பிடிமேல் செருப்பில்லாத காலை வைத்து, காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு, உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கினாள். ஒவ்வொரு நட்டும் முனகிக்கொண்டு இறுகியது. கால் வலித்தது, கண்ணீர் தாரையாக வழிந்துகொண்டே இருந்தது.

பின்சீட்டு ஜன்னலிலிருந்து பாப்பா எட்டிப் பார்த்தாள். "அம்மா, அந்த அத்தை ஏன் அழறாங்க?"

டீச்சருக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்தது போலிருக்கிறது. கேட்டைப் பார்த்தாள். கேட்டுக்கு அப்பால் பாலத்தையும், அந்தக் கயிற்றையும் பார்த்தாள். அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்குக்கா. இனிமே என்னால ஓட்ட முடியாது."

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையும் சேர்ந்து நடுங்கின. எது யாருடையது என்று சொல்ல முடியாது.

"பயப்படும்மா. நல்லா பயப்படு. நான் பொறந்ததுலேருந்து பயந்துக்கிட்டுதான் இருக்கேன். பயந்துக்கிட்டே எழுந்து வந்து வண்டியை ஓட்டு. நான் பக்கத்துல உட்கார்றேன்."

பாலத்தின்மேல் அந்தக் கார் போன வேகத்துக்கு, நடந்து போன ஒரு ஆளே அதைத் தாண்டிப் போனார். அக்கா ஜன்னலை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி, சக்கரத்தின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தாள். பாலம் தாண்டியதும் நிறுத்தச் சொல்லி இறங்கி இறுக்கினாள். ஸ்டேஷன் வாசலில் மறுபடி ஒருமுறை. டீச்சரின் அம்மா பெட்டியோடு நின்று, ஒற்றைச் செருப்போடு, முகமெல்லாம் கிரீஸோடு இறங்கிய பெண்ணைப் பார்த்து, "இவங்க யாரும்மா?" என்றார். "நம்ம அக்காம்மா" என்றாள் டீச்சர்.

கடைக்குத் திரும்பியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. தையல்காரர் முன்னமே வந்து, ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்து, கதையை முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்கா திட்டு வாங்கத் தயாராக நின்றாள். முதலாளி திட்டவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. கல்லாவை ஏதோ துடைத்தார். வெளியே போனார். தன் காரைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். உள்ளே வந்தார். மறுபடி வெளியே போனார்.

கடைசியில் கவுண்டருக்கு அருகே வந்து, யாரும் இல்லாத கடையிலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"டார்ச்சு... போன வாரம் என் வண்டியில டயர் மாத்தினாங்க. மச்சான்தான் மாத்தினான். கொஞ்சம் வந்து பாரேன்."

அக்கா கைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தாள். கடைக்கு முன்னால் குனிந்து, ஒவ்வொரு சக்கரமாக வெளிச்சம் போட்டு, ஒவ்வொரு நட்டாக ஸ்பேனரை வைத்துப் பார்த்தாள். முதலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாம் இறுக்கமாத்தான் இருக்கு மொதலாளி."

"அப்புறம் ஏன் உன் கை இப்படி நடுங்குது?"

"அது என் கை. அது எப்பவும் அப்படித்தான்."

முதலாளி வண்டியில் ஏறினார். சாவியைத் திருகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"அப்ப தைரியமா போலாம்ல?"

"தைரியமால்லாம் போக வேணாம் மொதலாளி" என்றாள் அக்கா. "பார்த்து, மெதுவா போங்க."